ஆடா, குதிரையா

பிளெய்ன்ஸ்பரோவில் என் மகன் முரளி குடியிருந்த அபார்ட்மென்டில், எங்களுக்கு மேல்வீட்டில் இருந்தவர் தம் கம்பளங்களை எல்லாம் திருப்பி மாட்டியிருந்தார். வண்ணமும் வேலைப்பாடும் சுவரைப் பார்த்திருக்கும். உள்ளே வருகிறவர்களுக்கு முதுகுதான் தெரியும். முதல் தடவை போனபோதே எண்ணிவிட்டேன். கூடத்தில் பதினொன்று, படுக்கையறையில் ஏழு, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் சுருட்டி வைத்தது நான்கு. இருபத்திரண்டில் ஒன்றுகூட முழுசாக இல்லை. சிலதில் மூலை கிடையாது. சிலதைப் பூச்சி அரித்திருந்தது.

"ஏன் எல்லாத்தையும் திருப்பி மாட்டியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"முன்பக்கம் பாத்துட்டேங்க சார். பின்பக்கம்தான் இன்னும் பாத்து முடியல" என்றார்.

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவருக்குக் கேலி வராது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கரூர்ப் பக்கத்துக்காரர். துணிச் சாயம் பற்றிப் படித்துவிட்டு அமெரிக்கா வந்து, சாயக் கம்பெனி மூடியதும் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்தவர். வயது ஐம்பதை ஒட்டி. மனைவியும் மகளும் ஹூஸ்டனில் இருந்தார்கள். குடியிருப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் 'கார்ப்பெட் அங்கிள்'. அவரிடம் இருந்தவை எல்லாம் பலூச் நெசவுகள். ஈரானும் ஆப்கானிஸ்தானும் சந்திக்கிற வறண்ட நிலத்தில் ஆட்டு மந்தையோடு திரிந்த ஜனங்கள் தங்கள் புழக்கத்துக்கு நெய்துகொண்டவை. கருநீலமும் செம்மண் நிறமும் ஒட்டகப் பழுப்புமாக இருக்கும். முதலில் பார்த்தால் எல்லாம் ஒரே இருட்டாகத் தெரியும்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மருமகள் கீதாவின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் திருச்சியிலிருந்து வந்திருந்தோம். முரளி வேலைக்குப் போய்விடுவான். எனக்கோ அடுப்பை அணைத்தார்களா, கதவு பூட்டியதா, படியில் பனி உறைந்திருக்கிறதா என்று கவலைப்படுவதைத் தவிர வேலை இல்லை. இதைக் கவனித்தாரோ என்னவோ, ஒரு சனிக்கிழமை அவர் என் கையில் பூதக்கண்ணாடியையும் ஒரு கம்பளத் துண்டையும் கொடுத்தார்.

"ஒரு அங்குலத்துக்குள்ள குறுக்கே எத்தனை முடிச்சு, நெடுக்கே எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க சார். எனக்குக் கண்ணு வலிக்குது."

குறுக்கே எட்டு, நெடுக்கே ஒன்பது. இரண்டாம் தடவை எண்ணினேன். நெடுக்கே பத்து வந்தது. மனசு கலங்கிவிட்டது. எது சரி என்று கேட்டேன்.

"ரெண்டும் சரிதானுங்க. நீங்க ரெண்டு இடத்துல எண்ணியிருக்கீங்க. நெஞ்சவங்க ஸ்கேல் வெச்சா நெஞ்சாங்க?" என்றார்.

நாற்பது வருஷம் ஒரு கணக்குக்கு ஒரே விடை என்று சொல்லிக்கொடுத்தவன் நான். இருந்தாலும் அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

அவருடைய வாயில் அதிகம் வரும் சொல் 'தெரியலீங்க'. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் யாராவது, "டிரெயின் வந்துடும்ல?" என்று கேட்டால், "வரும்னு பலகையில போட்டிருக்குங்க. வருமான்னு தெரியலீங்க" என்பார். என் மனைவி ஒரு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு, "தலைவலி விட்டுடும்ல தம்பி?" என்று பேச்சுக்குக் கேட்டாள். அவர் யோசித்து, "தெரியலீங்கம்மா" என்றார். அவர் போன பிறகு அவள் என்னிடம், "நல்ல மனுஷன்தான். ஆனா ஒரு ஆறுதல் வார்த்தை வருதா பாருங்க, கல்லு மாதிரி" என்றாள்.

வெஸ்ட் வின்ட்சரில் முரளியின் நண்பன் புது வீடு கட்டிக் குடிபோனபோது எல்லாரும் போயிருந்தோம். கூடத்தில் பெரிய விரிப்பு. "கையால நெஞ்சது அங்கிள். ஒரிஜினல் பெர்ஷியன். எப்படி இருக்கு?" என்று அந்த நண்பன் இவரைக் கேட்டான். இவர் குனிந்து ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார். "மெஷின்ங்க" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஓரத்துல இருக்கிற இந்தக் குஞ்சம் தனியா தெச்சதுங்க" என்று காட்டவும் செய்தார். கூடத்தில் பதினாறு பேர் இருந்தோம். எல்லாரும் அந்தக் குஞ்சத்தையே பார்த்தோம். திரும்பி வரும்போது காரில் நான், "சொல்லாம இருந்திருக்கலாமே" என்றேன்.

"கேட்டாங்களே சார்?" என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

ஆற்றோர ஊர் ஒன்றில் இருந்த பழம்பொருள் கடைக்கு என்னை ஒரு முறை அழைத்துப் போனார். கடைக்காரர் ஒரு சின்ன விரிப்பைக் காட்டி, ஒரு பலூச் மணப்பெண் தன் கல்யாணத்துக்காக ஆசையோடு நெய்தது என்று உருக்கமாகச் சொன்னார். எனக்குக் கண்கூடக் கலங்கியது. இவர் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போய், வரிசையாகச் சிறு துளைகள் இருந்த இடத்தில் நிறுத்தினார். வெளியே வந்ததும் சொன்னார்:

"அது விரிப்பு இல்லீங்க சார். கழுதை முதுகுல ரெண்டு பக்கமும் தொங்கப் போடுற பையோட ஒரு முகம். அந்தத் துளை வழியா கயிறு கோத்து வாயை மூடுவாங்க. பின்துணியை அறுத்து எடுத்துட்டு விரிப்புன்னு விக்கிறாங்க. எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு கல்யாணப் பொண்ணு இருக்கு. உலகத்துல இருக்கிறது எல்லாத்தையும் அந்தப் பொண்ணே நெஞ்சிருக்கு."

இது ஒன்றுதான் அவர் சொல்லி நான் கேட்ட நகைச்சுவை. அதையும் அவர் புகாராகத்தான் சொன்னார்.

ஒரு பொருளை அவரிடம் கொடுத்தால் வயதையோ விலையையோ சொல்ல மாட்டார். முதலில் பாவு நூலைப் பார்ப்பார், அதாவது நெடுக்கே ஓடும் நூல். கம்பளியா பருத்தியா என்று. பிறகு முடிச்சு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று. பிறகு எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே எண்ணெய் ஏறியிருக்கிறது, எங்கே வெயில் படாமல் நிறம் தங்கியிருக்கிறது என்று. கடைசியில், "இதை வெச்சு என்ன பண்ணியிருப்பாங்க?" என்று தன்னையே கேட்டுக்கொள்வார். பாதிக்குமேல் பதில், தெரியலீங்க.

இப்படிப்பட்டவரிடம்தான் நாங்கள் கீதாவின் விஷயத்தைக் கொண்டு போகும்படி ஆயிற்று.

கீதாவுக்கு அதற்கு முந்தின வருஷம் ஒரு கர்ப்பம் கலைந்திருந்தது. அதனால் இந்த முறை வீட்டில் எல்லாருமே மெல்ல நடந்தோம். அவளுக்கு நான்காம் மாதம் நடக்கும்போது முரளி யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் விநோதமான பை ஒன்று வாங்கி வந்து கூடத்துச் சுவரில் மாட்டினான். அடியில் சதுரமாக அகன்று, மேலே குறுகிக் கழுத்து மாதிரி நிற்கும். கருநீலத்தில் சிவப்புக் கட்டங்கள். கீழ் ஓரத்தில் ஐந்து கருப்புக் குஞ்சங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சோழி, நடுக் குஞ்சத்தில் மட்டும் ஒரு நீல மணியும். அழகாகத்தான் இருந்தது. அதன் கீழே இருந்த சோபாவில்தான் கீதா தினமும் படுத்துக்கொள்வாள்.

வளைகாப்பு அன்று பக்கத்து ஊரான எடிசனிலிருந்து வந்த ஓர் ஆன்ட்டி அதைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, இது மனுஷ முடிம்மா! சோழி வேற கட்டியிருக்கு. எவளோ செஞ்சு வெச்சதை எடுத்து வயித்துப் புள்ளக்காரி தலைக்கு மேல மாட்டியிருக்கீங்களே!"

கீதா கம்ப்யூட்டர் படித்தவள். சிரித்துத் தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வளையல் அடுக்கிய கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அன்றே பையைக் கழற்றிக் குப்பைப் பையில் கட்டி பால்கனி அலமாரியில் வைத்தோம். ஆனால் அவள் சாப்பாடு பாதியாகிவிட்டது. தோசை ஒன்றோடு எழுந்துவிடுவாள். தூக்கம் போயிற்று. அடுத்த செக்கப்பில் ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. எடை ஏறவில்லை. இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னாள்.

"தூக்கிப் போட்டுடறேன் கீதா. இட்ஸ் ஜஸ்ட் எ பேக்" என்றான் முரளி.

"தூக்கிப் போட்டா? மூணு மாசம் அதுக்குக் கீழதானே படுத்திருந்தேன்? அது யாரோட முடின்னு எனக்குத் தெரியணும் முரளி. தெரியாம என்னால இருக்க முடியல."

மறுநாள் மாலை நான் மேல்வீட்டுக்காரரை அழைத்து வந்தேன். என் மனைவி பையைத் தொடாமல் குப்பைப் பையோடு சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். கீதா சோபாவின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தாள். அவர் பையை வெளியே எடுத்ததும், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவர் முகம் மலர்ந்தது. அந்த நேரத்தில் அந்த மலர்ச்சியைப் பார்க்க எனக்குக் கோபமாக வந்தது.

வழக்கப்படி திருப்பினார். பாவு நூலைப் பிரித்துப் பார்த்தார். கழுத்து வழியாகக் கையை முழங்கை வரை விட்டு உள் மூலையைத் தடவினார். விரலை முகர்ந்தார். பிறகு நாக்கில் வைத்தார்.

"ஐயய்யோ, தம்பி! என்ன பண்றீங்க!" என்று மனைவி அலறினாள்.

"கரிக்குதுங்கம்மா" என்றார். சற்று யோசித்து, "ஆனா கை வேர்வையும் கரிக்கும்" என்றார்.

"முடியைச் சொல்லுங்க அங்கிள்" என்றாள் கீதா.

அவர் ஒரு குஞ்சத்தை விரலில் உருட்டிப் பார்த்தார். "பலூச் வேலைன்னா ஓரத்துக்கும் குஞ்சத்துக்கும் ஆட்டு முடி போடுவாங்க. இது பலூச் வேலைதான், இல்லைன்னா அவங்க பக்கத்துல இருந்த ஆளுங்க வேலை. அதனால ஆட்டு முடியாத்தான் இருக்கணும். ஆனா இந்த முடி ரொம்ப மெல்லிசா இருக்கு. கண்ணால பாத்துச் சொல்ல முடியலீங்க."

கீதாவின் முகம் சுண்டியது. நான் அவசரமாக, "கொளுத்திப் பாத்தாத் தெரிஞ்சிடுமே?" என்றேன்.

"தெரியாதுங்க சார். ஆட்டு முடியும் மனுஷ முடியும் எரிஞ்சா ஒரே நாத்தம்தான். லேபுக்கு எடுத்துட்டுப் போய் மைக்ராஸ்கோப்ல பாக்கிறேன்."

ஐந்து குஞ்சங்களிலிருந்தும் தனித்தனியாக இழைகளை எடுத்து ஐந்து சின்ன உறைகளில் போட்டார். பிறகு, "ஒத்துப் பாக்க மனுஷ முடி ஒண்ணு வேணுங்களே" என்று கீதாவைப் பார்த்தார். என் மனைவி குறுக்கே வந்து நின்றாள். பிள்ளைத்தாய்ச்சியின் முடியை வீட்டுக்கு வெளியே அனுப்புவதா? என்னுடையது போதாதா என்றேன். என் தலையில் இருப்பதை வைத்து எதையும் ஒத்துப் பார்க்க முடியாது என்றாள். தன் கொண்டையிலிருந்து ஓர் இழையை வெடுக்கென்று பிடுங்கி நீட்டினாள். "எது வந்தாலும் எனக்கு வரட்டும். எடுத்துட்டுப் போங்க தம்பி."

படிக்கட்டில் நான் அவர் பின்னால் ஓடினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். "நாளைக்கு என்ன தெரிஞ்சாலும் சரி, ஆட்டு முடின்னே சொல்லிடுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

அவர் இரண்டு படி மேலே நின்றிருந்தார். ரொம்ப சங்கடப்பட்டார். "அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றார். பிறகு, "நான் சொல்லிட்டுப் போயிடுவேன். நாளைக்கு இன்னொரு ஆன்ட்டி வந்து வேற மாதிரி சொன்னா அந்தப் பொண்ணு யாரை நம்பும்?" என்றார்.

 இவரைப்போய் அழைத்து வந்தோமே, ஊரில் எத்தனையோ பேர் வாய் நிறைய ஆறுதல் சொல்வார்களே என்று வீட்டுக்குள் வந்து புலம்பினேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கீதாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேஜையில் இருந்த பேப்பர் நாப்கினில் இரண்டு கோடுகள் போட்டார்.

"இது அம்மாவோட முடிங்க. பென்சில் மாதிரி இருக்கு. நடுவுல கரிக்குச்சி மாதிரி மெல்லிசா ஒரு கோடு, அதுவும் விட்டு விட்டு. இது உங்க குஞ்சம். நெட்டித்தண்டு பாத்திருக்கீங்களா? மேல தோல் மெல்லிசு, உள்ள பூரா பஞ்சு மாதிரி நெட்டி. அப்படி இருக்கு. அஞ்சுலயும் பாத்துட்டேன். மனுஷ முடி எதுலயும் இல்ல."

"ஆடுதானே அங்கிள்?" என்றாள் கீதா. 

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"நாலு ஆடுங்க. நடுவுல இருக்கிறது..." என்று தயங்கினார். "நடுவுல இருக்கிறது ஆடுன்னுதான் நெனைக்கிறேன். குதிரையாவும் இருக்கலாம். அதுக்கு சத்தியம் பண்ண மாட்டேன். மனுஷன் இல்ல. அதுக்கு எத்தனை சத்தியம் வேணும்னாலும் பண்றேன்."

கண்ணைத் திறந்தேன். கீதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் இறங்குவதை நான் பார்த்தேன். வளைகாப்பு நாளிலிருந்து அந்தத் தோள்கள் காதோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பொய் சொல்ல வந்தவன் குதிரையை ஏன் இழுக்கப் போகிறான்? அந்தக் குதிரைதான் அவளை நம்ப வைத்தது என்று இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

"குதிரையா இருந்தா இருக்கட்டும் அங்கிள்" என்றாள். அப்புறம் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, முதல் தடவையாகக் கேட்டாள்: "அப்போ இது எதுக்கு?"

இந்தக் கேள்விக்காகவே அவர் காத்திருந்தது போல இருந்தது. பையை எடுத்துக் கழுத்தை மடக்கிக் காட்டினார். "உப்புப் பைங்க. வீட்டுக்கும் வேணும், மந்தைக்கும் வேணும். வாய் அகலமா இருந்தா ஆடு தலையை விட்டுத் தின்னுடும். கழுத்து வெச்சா மனுஷன் கை மட்டும்தான் போகும். மழை வந்தா இப்படி மடக்கிக்கலாம். உள்மூலை விறைப்பா இருக்கு, கரிக்கவும் செய்யுது. உப்புன்னு நிச்சயமா சொல்லலாம்."

"உப்பா!" என்றாள் என் மனைவி. குடிபோகும் வீட்டுக்குள் முதலில் எதை எடுத்துப் போவார்கள் என்பதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "மகாலட்சுமியையா குப்பைப் பையில கட்டி வெச்சிருந்தேன்! சரி தம்பி, அந்தச் சோழியும் நீல மணியும்?"

"கண்ணு படாம இருக்கக் கட்டுறதுன்னு சொல்றாங்க."

"திருஷ்டிக்கா!"

"அப்படிச் சொல்றாங்கம்மா. எனக்குத் தெரியலீங்க."

"அந்த எடிசன்காரி வந்து சொன்னாளே, அவ கண்ணுக்குத்தான் கட்டியிருக்கு" என்றாள் மனைவி. முரளி வாய்விட்டுச் சிரித்தான்.

பேத்தி பிறந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்கும் என்னைப் போல மனசு அடித்துக்கொண்டே இருக்கும். குறித்த வாரத்தில், குறையில்லாமல், கைவிரல் பத்து, கால்விரல் பத்தோடு பிறந்தாள். பார்க்க வந்த இவரிடம், யார் ஜாடை என்று கேட்டார்கள். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் யார் மாதிரியும் இல்லீங்க" என்றார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குள் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவர் பேச்சு பழகிவிட்டது. சில வருஷங்களில் அவர் மனைவியும் மகளும் இருந்த ஹூஸ்டனுக்கே போய்விட்டார்.

முடியைப் பற்றிச் சொல்ல வந்த அந்த மாலை என் மனைவி அவரை மேலே போக விடவில்லை. பையை அடுப்பு மேடையில் ஓரமாக வைத்துவிட்டு, தோசைக் கல்லைப் போட்டாள். கை பரபரத்தது. தேங்காய் அரைத்தாள், தாளித்தாள், எல்லாருக்கும் தட்டு வைத்தாள். கீதா முதல் தோசையை முடித்தாள். எழுந்திருக்கவில்லை. இரண்டாவதும் முடிந்தது. நான் எண்ணுவதைப் பார்த்துவிட்ட மனைவி, கல்லுப் பக்கமிருந்தே கண்ணால் என்னை அதட்டினாள்.

"சட்னி எப்படி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டாள்.

"சூப்பர்மா" என்றான் முரளி.

"நல்லாருக்கு" என்றேன் நான்.

விருந்தாளி வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "உப்பு போடலீங்கம்மா" என்றார்.

நிஜம்தான். ஒரு கல்லுகூடப் போடவில்லை. நானும் முரளியும் தட்டைப் பார்த்துக்கொண்டோம். கீதாவுக்குச் சிரிப்பு பொங்கி வந்து புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, "நீங்க தோசையைப் பாருங்க அத்தை, நான் எடுக்கிறேன்" என்று எழுந்தாள்.

உப்பு டப்பா மேடையின் மூலையில் இருந்தது. அதற்கு முன்னால் அந்தப் பை கிடந்தது. ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் அவள் பையைக் குஞ்சத்தோடு சேர்த்துப் பிடித்து ஓரமாக நகர்த்தினாள். டப்பாவைத் திறந்தாள். என் மனைவி தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். கல்லில் இருந்த தோசை கருகியது. 

கீதா கிண்ணத்தில் உப்பைப் போட்டுக் கலக்கி, அவர் தட்டில் ஒரு கரண்டி விட்டாள்.

"இப்போ பாருங்க அங்கிள்" என்றாள்.